எழுபத்தைந்து சதவீதக் கோட்டுக்கு இருபுறமும்

2018 ஜனவரியில் போலந்தின் மசோவியா மாநிலம் இரண்டாகப் பிரிந்தது. மாநில நிர்வாகம் பிரியவில்லை, பேரவை பிரியவில்லை, எங்கும் எல்லைக்கல் நடப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர வரைபடத்தில் மட்டும் தலைநகர் வார்சாவும் அதை ஒட்டிய பகுதிகளும் ஒரு துண்டானது. ரடோம், ஒஸ்ட்ரோவெங்கா போன்ற ஊர்கள் அடங்கிய மீதி இன்னொரு துண்டானது. அதே வேளையில் ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரம் தன்னைச் சுற்றியுள்ள பெஸ்ட் வட்டாரத்திலிருந்தும், லிதுவேனியாவில் வில்னியுஸ் பகுதி நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்தும் இதே போலக் காகிதத்தில் பிரிந்தன.

காரணம் பணம். வார்சாவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மசோவியா பணக்கார மாநிலம். தலைநகரின் வங்கிகளும் பன்னாட்டு நிறுவன அலுவலகங்களும் ஈட்டும் வருமானம் தலைக்கு இவ்வளவு என்று ரடோம்காரரின் பெயரிலும் ஏறிவிடும். அவர் கைக்கு அதில் ஒரு காசும் வராது. ஆனால் ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸிலிருந்து வரவேண்டிய வளர்ச்சி நிதி அந்தச் சராசரியால் குறைந்துபோகும். கோட்டைக் கொஞ்சம் நகர்த்தி வரைந்ததும் ரடோம் மறுபடி 'பின்தங்கிய பகுதி' ஆனது. 2021இல் தொடங்கிய நிதிக்காலத்தில் அதற்குரிய பங்கும் வந்தது.

எந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் பின்தங்கிய பகுதி என்பதைப் புரிந்துகொண்டால் ஐரோப்பாவின் பிராந்திய வளர்ச்சி நிதி பாதி புரிந்துவிடும். ஒன்றியத்தின் 27 நாடுகளும் இருநூற்று நாற்பதுக்கும் சற்று அதிகமான பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பிராந்தியத்தின் தலைக்குரிய உற்பத்தி, விலைவாசி வேறுபாட்டைச் சரிசெய்தபின், ஒன்றியச் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது முதல் வகை, அதாவது பின்தங்கிய பகுதி. 75 முதல் 100 வரை நடுவகை. அதற்கு மேலே உள்ளவை வளர்ந்தவை. முதல் வகைப் பகுதியில் நடக்கும் ஒரு திட்டத்தின் செலவில் 85 சதவீதம் வரை ஒன்றியம் தரலாம். நடுவகைக்குப் பொதுவாக 60, வளர்ந்த பகுதிக்கு 40. 2021 முதல் 2027 வரையான ஏழு ஆண்டுகளுக்கு இதற்கென ஒதுக்கிய தொகை சுமார் 39,200 கோடி யூரோ. ஒன்றியத்தின் மொத்த நிதிநிலையில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

கோடு என்று ஒன்று இருந்தால் அதன் ஓரத்தில் நிற்பவர்களுக்கு அநியாயம் நடக்கத்தான் செய்யும். 2004இல் பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, அவற்றில் பெரும்பாலானவை ஏழை நாடுகள் என்பதால், ஒன்றியச் சராசரியே கீழே இறங்கியது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ், போர்ச்சுகலின் அல்கார்வே, இத்தாலியின் பசிலிகாட்டா ஆகியவை ஒரு புதுத் தொழிற்சாலைகூடத் திறக்காமல் 75ஐத் தாண்டிவிட்டன. நேற்றிருந்த வேலையின்மை இன்றும் இருந்தது, பக்கத்தில் இருந்தவர்கள் குள்ளமானதால் இவர்கள் உயரமாகிவிட்டார்கள். அவற்றுக்கு நிதியைப் படிப்படியாகக் குறைக்கும் தனி ஏற்பாடு ஒன்று பிறகு செய்யப்பட்டது.

இந்த நிதி பிறந்த கதை இரக்கத்தில் தொடங்கவில்லை, பேரத்தில் தொடங்கியது. 1973இல் பிரிட்டன் அன்றைய ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. சமூகத்தின் பணத்தில் பெரும்பங்கு விவசாய மானியமாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பிரிட்டனில் விவசாயிகள் குறைவு, நலிந்துகொண்டிருந்த நிலக்கரி வட்டாரங்களும் எஃகு ஊர்களும் அதிகம். கட்டும் பணத்துக்கு ஈடாக ஏதாவது திரும்பி வரவேண்டும் என்று லண்டன் கேட்டது. தென்பகுதி வறுமையைப் பல ஆண்டுகளாகச் சுமந்த இத்தாலியும் அதையே விரும்பியது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் தாம்சன் பிராந்தியக் கொள்கைக்கான ஆணையராகப் பொறுப்பேற்றுப் பேசி முடித்ததில் 1975இல் ஐரோப்பிய பிராந்திய வளர்ச்சி நிதி உருவானது. மூன்று ஆண்டுகளுக்கு 130 கோடி கணக்கு அலகுகள் (யூரோவுக்கு முன் சமூகம் கணக்கு வைத்த பண அளவு), அதில் இத்தாலிக்கு 40 சதவீதம், பிரிட்டனுக்கு 28 சதவீதம். எந்த ஊருக்கு என்ன செய்வது என்பதைத் தலைநகரங்களே முடிவு செய்தன. பிராந்தியங்களை யாரும் கேட்கவில்லை.

அதை மாற்றியவர், சமூகத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்குப் பின்னர் தலைவரான ஜாக் தெலோர். ஒரே சந்தைக்காக எல்லைச் சோதனைகளும் தடைகளும் நீக்கப்படும்போது முந்தி ஓடுபவர் இன்னும் முந்துவார், பின்னால் இருப்பவர் விழுந்துவிடுவார் என்ற கவலை அவருக்கு இருந்தது. கிரீஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் புதிதாகச் சேர்ந்திருந்த நேரம். 1988 சீர்திருத்தத்தில் நிதி இரட்டிப்பானது, பல ஆண்டுத் திட்டமாகப் போடும் வழக்கம் வந்தது. உள்ளூர் ஆட்சிகளையும் உட்காரவைத்துப் பேசவேண்டும், நாட்டரசு தான் ஏற்கெனவே செலவழிக்கும் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஒன்றியப் பணத்தை அந்த இடத்தில் வைக்கக்கூடாது என்ற விதிகளும் அப்போது வந்தவைதான். இன்றைய அமைப்பின் எலும்புக்கூடு அந்த ஆண்டில் செய்யப்பட்டது.

பணம் எப்படி ஊருக்கு வந்து சேர்கிறது என்று பார்த்தால்தான் சிக்கல் எங்கே என்று தெரியும். பின்தங்கிய பகுதி ஒன்றில் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு உலோகப் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். கணினி கட்டுப்பாட்டில் இயங்கும் கடைசல் இயந்திரம் ஒன்று வாங்கினால் விமான உதிரிபாக ஆர்டர் கிடைக்கும் என்று உரிமையாளர் கணக்குப் போடுகிறார். மாநில அலுவலகம் அறிவிப்பு வெளியிடுகிறது. விண்ணப்பம் எழுதவே ஒரு ஆலோசகரை அமர்த்தவேண்டியிருக்கிறது. தேர்வாகி ஒப்பந்தமும் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம், அப்போதும் மானியம் முழுதாகக் கைக்கு வராது. முதலில் நீ வாங்கு, பில்லையும் வங்கிக் கணக்குச் சான்றையும் கொண்டு வா, சரிபார்த்தபின் உன் பங்கைத் தருகிறோம் என்பதுதான் நடைமுறை. முன்பணம் கொஞ்சம் கிடைப்பதுண்டு, ஆனாலும் இடைப்பட்ட மாதங்களுக்கு அவர் கடன் வாங்கித்தான் ஆகவேண்டும். காகிதங்களை ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்தவேண்டும். வாங்கிய இயந்திரத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு அந்தப் பகுதியிலிருந்து நகர்த்தக்கூடாது. ஒவ்வொரு விதியும் திருட்டைத் தடுக்கப் பிறந்தது, தனித்தனியாகப் பார்த்தால் எதையும் குறை சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்து வரும்போது, கணக்குப் பிரிவும் சட்ட ஆலோசகரும் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு வாசல் அகலமாகவும், நாற்பது பேர் பட்டறைக்கு ஒடுக்கமாகவும் ஆகிவிடுகிறது.

அரசுகளுக்கும் ஒரு கெடு உண்டு. ஓராண்டுக்கென ஒதுக்கிய தொகையைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் செலவழித்துக் காட்டாவிட்டால் அது திரும்பிப் போய்விடும். கெடு நெருங்கும்போது அதிகாரிகள் எளிதில் செலவாகும் வேலைகளைத் தேடுவார்கள். சாலை போடலாம், ஊர்ச் சதுக்கத்தில் கல் பதிக்கலாம். ஒரு ஆய்வுக்கூடத்துக்கும் உள்ளூர்த் தொழிலுக்கும் இடையே நம்பிக்கை வளர ஏழெட்டு ஆண்டு ஆகும், அதற்கு இந்தக் கெடுவில் இடமில்லை. ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2014இல் ஐந்து நாடுகளில் இருபது விமான நிலையங்களை ஆராய்ந்து, போட்ட பணத்துக்கு உரிய பலன் வரவில்லை என்று வெளிப்படையாக எழுதியது. ஹங்கேரியின் ஃபெல்சூட் கிராமத்தில், அன்றைய பிரதமர் விக்தோர் ஒர்பான் சிறுவயதில் வளர்ந்த ஊரில், 2016இல் ஓடத்தொடங்கிய ஆறு கிலோமீட்டர் சிறு ரயிலுக்கும் ஒன்றியப் பணம் போனது. விண்ணப்பத்தில் காட்டிய பயணிகள் எண்ணிக்கையை அந்த ரயில் நெருங்கவே இல்லை. 2022 டிசம்பரில் சட்டத்தின் ஆட்சி தொடர்பான குறைகளைக் காரணம் காட்டி ஹங்கேரிக்குரிய சுமார் 630 கோடி யூரோவை ஒன்றியம் நிறுத்திவைத்தது.

அப்படியானால் பணம் வீணா? இல்லை. இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அளந்த விதமும் அழகானது. 75க்குச் சற்றுக் கீழே இருக்கும் பகுதியும் சற்று மேலே இருக்கும் பகுதியும் உண்மையில் ஒரே மாதிரியானவை. ஒன்றுக்கு நிதி கொட்டுகிறது, மற்றதற்கு மிகக் குறைவு. சில ஆண்டுகள் கழித்து இரண்டையும் ஒப்பிட்டால் நிதியின் விளைவு தெரிந்துவிடும். சாஷா பெக்கர், பீட்டர் எக்கர், மாக்ஸிமிலியன் ஃபான் எர்லிஷ் ஆகிய மூன்று பொருளியலர்களும் 2010இல் இப்படிக் கணக்கிட்டு, நிதி பெற்ற பகுதிகளின் தலைக்குரிய வருமான வளர்ச்சி சுமார் 1.6 சதவீதப் புள்ளி கூடுதலாக இருந்ததைக் காட்டினார்கள். 2013இல் அதே மூவர் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தபோது கிடைத்தது கவலைக்குரிய செய்தி. படித்த மனிதவளமும் ஓரளவு நேர்மையான, திறமையான நிர்வாகமும் உள்ள பகுதிகள்தான் அந்தப் பணத்தை வளர்ச்சியாக மாற்றின. மொத்தத்தில் அவை ஏறத்தாழ 30 சதவீதம்.

புத்தாக்கத்துக்கான நிதியில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் கெவின் மார்கன் உள்ளிட்ட மூவர் 2002இலேயே இதைச் சொன்னார்கள்: எந்தப் பகுதிக்குப் புத்தாக்க நிதி அதிகம் தேவையோ, அந்தப் பகுதிக்குத்தான் அதை உள்வாங்கும் திறன் குறைவு. சாலைக்குப் பணம் கொடுத்தால் சாலை வரும். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தால், ஆராய்ச்சி செய்யும் ஆளும் அதை வாங்கிப் பயன்படுத்தும் தொழிலும் அங்கே முன்பே இருக்கவேண்டும். ஒன்றியத்தின் ஆராய்ச்சித் திட்டமான ஹொரைசனுக்கு இந்தக் காலத்தில் சுமார் 9,550 கோடி யூரோ இருக்கிறது. அது தரத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது, ஊரைப் பார்த்து அல்ல. ஆகவே அதில் பெரும்பங்கு ஏற்கெனவே வலுவான பல்கலைக்கழக நகரங்களுக்கே போகிறது. பிராந்திய நிதி ஒரு கையால் சமன்செய்யப் பார்ப்பதை ஆராய்ச்சி நிதி மறு கையால் பழையபடி ஆக்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தரம் பார்த்துக் கொடுப்பது தவறில்லை, அந்தத் தரத்தை எட்ட உதவும் பணம் மறுபக்கம் போதாது என்பதுதான் குறை.

ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டுக்கு அருகிலுள்ள மகுரேலேயைப் பாருங்கள். அதீத ஒளி ஆய்வு நிலையங்கள் என்று மிகச் சக்திவாய்ந்த லேசர் ஆய்வுக்கூடங்கள் மூன்று, செக் குடியரசிலும் ஹங்கேரியிலும் இங்குமாகக் கட்டப்பட்டன. மூன்றுக்கும் சேர்த்துச் சுமார் 85 கோடி யூரோ, பெரும்பகுதி பிராந்திய வளர்ச்சி நிதியிலிருந்து. இந்த யோசனையை முன்வைத்த பிரெஞ்சு இயற்பியலர் ஜெரார் மூரூ 2018இல் நோபல் பரிசு பெற்றார். 2019இல் மகுரேலேயின் லேசர் 10 பெட்டாவாட் திறனை எட்டியது, உலகில் வேறெங்கும் அதுவரை எட்டாத அளவு. கிழக்கு ஐரோப்பாவில் இப்படி ஒன்று எழுந்ததைக் கண்டு நெகிழாமல் இருக்க முடியாது. ஆனால் கட்டுவதற்குத் தரும் நிதி நடத்துவதற்குத் தராது. மின்கட்டணமும் சம்பளமும் ஆண்டுதோறும் வேறு எங்கிருந்தோ வரவேண்டும். மகுரேலேயில் காமா கதிர்க் கருவி ஒன்றை அமைக்கும் ஒப்பந்தம் தகராறில் முடிந்தது. 2021இல் மூன்று நிலையங்களையும் சேர்த்து நடத்துவதற்கென்று பன்னாட்டு அமைப்பு உருவானபோது செக் குடியரசும் ஹங்கேரியும் இத்தாலியும் லிதுவேனியாவும் தொடக்க உறுப்பினர்களாக நின்றன, ருமேனியா அதில் இல்லை.

இந்த அனுபவங்களிலிருந்துதான் 2014 முதல் ஒரு நிபந்தனை வந்தது. புத்தாக்கத்துக்குப் பணம் வேண்டுமானால், ஒவ்வொரு பகுதியும் தன் சொந்த பலத்தைக் கண்டறிந்து ஒரு திட்டம் எழுதித் தரவேண்டும். பொருளியலர் தொமினிக் ஃபொரே முதலானோர் முன்வைத்த 'திறன்மிகு சிறப்பாக்கம்' என்ற கருத்து அது. எல்லாரும் சிலிக்கான் பள்ளத்தாக்கைப் பார்த்து உயிரித் தொழில்நுட்பப் பூங்கா கட்டவேண்டாம், உங்கள் ஊரில் என்ன கைத்திறன் ஏற்கெனவே இருக்கிறதோ அதன் அடுத்த படியைத் தேடுங்கள், அதையும் அதிகாரி மேசையில் தேடாமல் தொழில் நடத்துபவர், பல்கலைக்கழகம், உள்ளாட்சி மூவரும் உட்கார்ந்து தேடுங்கள் என்பது அதன் சாரம். பல பகுதிகள் உடல்நலம், எரிசக்தி, உணவு, தகவல் தொழில்நுட்பம் என்று எல்லாவற்றையும் பட்டியலிட்டு அனுப்பின. யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற அச்சம்தான் காரணம். அப்படி எழுதிய காகிதம் எதையும் தேர்ந்தெடுக்காத காகிதம்.

தேர்ந்தெடுத்த இடமும் உண்டு. போலந்தின் தென்கிழக்கு மூலையில் பொட்கர்பாட்ஸ்கி மாநிலம், தலைநகர் ஜெஷுஃப். நாட்டின் ஏழ்மையான மாநிலங்களில் ஒன்று. ஆனால் 1930களின் பிற்பகுதியில், போர் அச்சத்தில், எல்லைகளிலிருந்து தள்ளி ஒரு தொழில் வட்டாரத்தைப் போலந்து அரசு உருவாக்கியபோது ஜெஷுஃபில் விமான இயந்திர ஆலையும் அருகே மியெலெட்ஸில் விமான ஆலையும் வந்தன. கம்யூனிச ஆட்சி போனபின் அந்த ஆலைகள் தள்ளாடின, அந்நிய நிறுவனங்கள் வாங்கின. ஆனால் உலோகத்தை நூலிழைத் துல்லியத்தில் கடைந்த கைகள் ஊரில் இருந்தன. ஜெஷுஃப் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் விமானப் பொறியாளர்களோடு விமானிகளையும் பயிற்றுவித்துக்கொண்டிருந்தது. 2003இல், போலந்து ஒன்றியத்தில் சேரும் முன்பே, உள்ளூர்த் தொழில்துறையினர் 'விமானப் பள்ளத்தாக்கு' என்று ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். பிறகு ஒன்றியப் பணம் வந்தபோது அது போய் உட்கார இடம் தயாராக இருந்தது. கிழக்குப் போலந்தின் ஐந்து மாநிலங்களுக்கென 2007இல் தொடங்கிய தனித் திட்டமும் அதில் சேர்ந்துகொண்டது. ஆய்வுக்கூடம், விமான நிலையத்தின் அருகே தொழில்நுட்பப் பூங்கா, பட்டறைகளுக்கு இயந்திரம் என்று செலவான பணத்துக்கு ஆள் இருந்தார்கள். அங்கும் வறுமை தீரவில்லை, மலையடிவாரக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் இன்னும் வெளியேறுகிறார்கள். ஆனால் பொறியியல் படித்தவர் ஊரிலேயே வேலை பார்க்கலாம் என்ற நிலை அங்கே உண்மையாகவே உருவாகியிருக்கிறது.

பணம் நிறையப் போயும் மனம் ஆறாத ஊர் என்றால் வேல்ஸின் எபூ வேல். இருநூறு ஆண்டு இரும்புத் தொழிலின் கடைசி ஆலை 2002இல் மூடியது. அந்த வட்டாரம் 2000 முதலே ஐரோப்பிய நிதியின் உச்ச வகையில் இருந்தது. ஆலை இருந்த இடத்தில் கல்லூரி எழுந்தது, 1962இல் நின்றுபோன பயணிகள் ரயில் 2008இல் திரும்ப வந்தது, மலைச்சாலை அகலமானது. ஒன்றியப் பணம் சேர்ந்த இடங்களில் நீலப் பலகையும் பன்னிரண்டு நட்சத்திரங்களும் இருந்தன. 2016 வாக்கெடுப்பில் அந்த ஊர் அடங்கிய பிளைனாய் குவென்டில் 62 சதவீதத்தினர் ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தார்கள். நன்றி கெட்டவர்கள் என்று அப்போது லண்டனில் சிலர் எழுதியது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. ஆலை மூடும்போது போனது சம்பளம் மட்டுமா? தகப்பனும் மகனும் ஒரே ஷிப்டில் நடந்துபோன வாழ்க்கை போனது. புது ரயிலில் ஏறினால் கார்டிஃபுக்கு வேலைக்குப் போகலாம், ஊரில் வேலை இல்லை. லண்டன் பொருளியல் கல்லூரியின் அந்த்ரேஸ் ரொட்ரிகெஸ்-போஸே இப்படிப்பட்ட ஊர்களைப் பற்றித்தான் தொடர்ந்து எழுதிவருகிறார். கோபம் வருவது வெறும் வறுமையால் அல்ல, ஒருகாலத்தில் முக்கியமாக இருந்த ஊர் இனி யாருக்கும் வேண்டாததாகிவிட்டது என்ற உணர்வால் என்பது அவர் வாதம். பிரிட்டன் வெளியேறியபின் ஐரோப்பிய நிதிக்குப் பதிலாக 2022 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 260 கோடி பவுண்டு அறிவித்தது. ஏழாண்டு நிச்சயம் மூன்றாண்டாகச் சுருங்கியது, முடிவெடுக்கும் மேசையும் பெருமளவு லண்டனுக்கு நகர்ந்தது.

இப்போது அதே கேள்வி ஒன்றியத்துக்குள்ளேயே வந்திருக்கிறது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் 2028 முதல் 2034 வரைக்கான சுமார் 2 லட்சம் கோடி யூரோ நிதிநிலையை முன்மொழிந்தது. அதில் பிராந்திய நிதிக்கெனத் தனிப் பெட்டி இல்லை. விவசாயம், மீன்வளம், எல்லைப் பாதுகாப்பு எல்லாவற்றோடும் சேர்ந்து சுமார் 86,500 கோடி யூரோவுக்கு நாட்டுக்கு ஒரு திட்டம். பின்தங்கிய பகுதிகளுக்குக் குறைந்தது 21,800 கோடி என்று ஒரு காப்புறுதி இருக்கிறது. பில்லுக்குப் பணம் என்பதற்குப் பதில், இன்ன இலக்கை எட்டினால் இன்ன தொகை என்று தருவதாகவும் சொல்கிறார்கள். அந்த மாற்றம் உண்மையாகவே கீழ்வரை இறங்கினால் நாற்பது பேர் பட்டறைக்கு நல்லதுதான், காகிதச் சுமை குறையும். ஆனால் விவசாயிகள் டிராக்டரோடு தலைநகர் வந்து நின்றால் நிதியமைச்சர் எந்தப் பக்கம் சாய்வார், தொலைவில் உள்ள மாநிலத்தின் ஆய்வுக்கூடத்தின் பக்கமா? பிராந்திய, உள்ளாட்சிப் பிரதிநிதிகளைக் கொண்ட ஒன்றியத்தின் ஆலோசனை அமைப்பான பிராந்தியங்களின் குழு இதைக் கடுமையாக எதிர்க்கிறது, அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. 1975இல் தலைநகரங்கள் மட்டும் உட்கார்ந்து பங்கிட்ட மேசைக்கே இது திரும்பக் கொண்டுபோய் விடும்.

ஜெஷுஃபில் மாநில நிர்வாக அலுவலகம் 2007 முதல் தன் பகுதிக்கான திட்டத்தைத் தானே நடத்திவருகிறது. எந்தப் பட்டறை உண்மையில் வளரும், எந்த விண்ணப்பம் ஆலோசகர் எழுதிக் கொடுத்த வெறும் காகிதம் என்று பிரித்தறியும் அனுபவம் அங்குள்ள ஊழியர்களுக்கு ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது. அதைப் பிரஸ்ஸல்ஸும் கொடுக்கவில்லை, வார்சாவும் கொடுக்கவில்லை. 2028க்குப் பிறகு அந்த மேசையில் வேலை இருக்குமா என்பது 27 அரசுகளும் ஒருமித்து ஒப்பி, ஐரோப்பிய நாடாளுமன்றமும் சம்மதிக்கவேண்டிய அந்த நிதிநிலையில் எழுதப்படும்.